பூஜ்யத்துக்கு வைத்த தண்ணீர்

டாக்டர் யிப் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் கட்டிலில் கிடந்த குவான் ஃபுக்சோய். பதில் சொன்னதோ அவருடைய மகள் விங்ஷான்.

ஃபுக்சோய் கொடுவா மீன் வளர்ப்பவர். ஆறு கடலில் கலக்கும் அந்த உப்புச் சேற்றில் வேறென்ன விளையும்? கரைக்குக் கரை குளம், கரை மேல் வாழை, குளத்துக்குள் மீன். முந்தின நாள் வலை இழுக்கும்போது ஒரு மீனின் முதுகு முள் அவருடைய வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மீன்காரன் கையில் முள் ஏறுவது ஒரு செய்தியா? வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, இஞ்சியை நசுக்கிக் கட்டிக்கொண்டு மிச்ச வலையையும் இழுத்தார். பொழுது சாயும்போது கை பன் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. விடிந்தபோது மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலக் கொப்புளங்கள். அவர் மனைவி மெய்லின் அதற்குமேல் யாரையும் யோசனை கேட்கவில்லை. அடுத்த குளத்துக்காரர் பூனின் மீன் வண்டியிலேயே புருஷனை ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். விங்ஷான் படிக்கும் பல்கலைக்கழகமும் அதே நகரத்தில்தான். ஆராய்ச்சிக்கூடத்து வெள்ளை அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருந்தாள்.

டாக்டர் யிப் தூங்கி எத்தனை நாளானதோ, கண் சிவந்திருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"இது உப்புத் தண்ணிக் கிருமிங்க. சும்மா விளையாடற சாமான் இல்ல, மளமளன்னு ஏறும். நான் கேக்குறதுக்கு ஒளிக்காம பதில் சொல்லணும். குளத்துல மீனுக்கு என்ன மருந்து போடுறீங்க?"

"மருந்தா? மருந்தெல்லாம் ஒண்ணும் போடறதில்லீங்களே" என்றார் ஃபுக்சோய்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நான் மீன் வளத்துறை ஆளு இல்ல, உங்க மீன நான் பிடுங்கிக்கப் போறதில்ல. விஷயம் இதுதான். இந்தக் கிருமிக்கு வழக்கமா ரெண்டு மருந்து சேர்த்துக் குடுப்போம். அதுல ஒண்ணு டெட்ராசைக்ளின் சாதி. உங்க குளத்துல அந்தச் சாதி மருந்து ஏற்கனவே ஓடிட்டிருந்தா, கிருமி அதுக்குப் பழகிப்போயிருக்கும். நான் குடுக்கறத அது சட்டை பண்ணாது. அப்போ வேற மருந்துக்குப் போகணும். ஆனா உங்க இதயத் துடிப்பு இருக்கற லட்சணத்துக்கு அந்த வேற மருந்த நான் சும்மா ஏத்த மாட்டேன். கிருமிய வளர்த்துப் பாத்தா தெரிஞ்சிடும், அதுக்கு ரெண்டு மூணு நாளாகும். கை அதுவரைக்கும் காத்திருக்காது. அதனாலதான் கேக்குறேன்."

ஃபுக்சோய் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "மருந்துன்னு இல்லீங்க… இந்த லியுங் கடையில ஒரு…"

"அப்பா, நீங்க சும்மா இருங்க, பேசிப் பேசி மூச்சு வாங்குது பாருங்க" என்று விங்ஷான் குறுக்கே புகுந்தாள். "டாக்டர், நான் இதுலதான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். தண்ணில இருக்கற ஆன்டிபயாடிக் மருந்தக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலையே. எங்க குளத்துத் தண்ணிய எத்தனையோ தடவ நானே பாத்திருக்கேன். டெட்ராசைக்ளின் சுத்தமா கிடையாது. பூஜ்யம்."

"நிச்சயமா?"

"என் கையால பாத்தது டாக்டர்."

டாக்டரின் தோள் சற்றே இறங்கியது. இந்த ஊரில் இப்படி ஒரு பதில் அவருக்குக் கிடைத்ததே இல்லை போலும். "நல்லதாப் போச்சும்மா. வழக்கமான மருந்தே ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபுக்சோய் மகளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் மெல்லச் சொன்னார்: "எம்பொண்ணு. டாக்டரே அவ பேச்சக் கேக்குறாரு பாத்தீங்களா."

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது.

விங்ஷானிடம் ஒரு வெள்ளைப் பொடி இருந்தது. அவளே சமைத்தது, அதைச் சமைக்கப் படிப்பின் நாலு வருஷத்தில் பாதியைக் கொட்டியிருந்தாள். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, கடைக்காரர்கள் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். அதே தண்ணீரில் டெட்ராசைக்ளின் இருந்தால் சிவப்பாக ஒளிரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு மருந்து. சொல்லக் கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் குளத்துத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லையே! உப்பு, சேறு, பாசி எல்லாம் அந்த ஒளியோடு விளையாடும். பாசி படிந்த பச்சைத் தண்ணீர் மருந்தே இல்லாமலும் ஊதா விளக்கில் லேசாகச் சிவக்கும். ஆகையால் முதலில் மருந்தில்லாத ஒரு குளத்துத் தண்ணீரை எடுத்து, அது எப்படி ஒளிர்கிறதோ அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தராசில் வெறும் பாத்திரத்தை வைத்து அதன் எடையைக் கழித்துவிட்டுத்தானே எண்ணெய் ஊற்றுவார்கள், அதேதான்.

இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு, கேட்டால் சிரிப்பு வரும். கட்டுரைக்கு 'நிஜத் தண்ணீர்' வேண்டுமென்று பேராசிரியர் சொன்னதும், ஆளாளுக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது ஒரு கேன் நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒருவன் தன் மாமியார் வீட்டுக் கிணற்றை நம்புவான், ஒருத்தி தங்கள் ஊர் ஏரியை நம்புவாள். மருந்தில்லாத குளத்துத் தண்ணீர் கடையிலா விற்கிறது? விங்ஷான் தன் அப்பாவின் குளத்திலிருந்து கொண்டுவந்தாள். "நம்ம குளத்துல ஒரு பொட்டு மருந்து கிடையாது" என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. சந்தையில் எடை போடும்போது ஈர மீனின் தண்ணீரை உதறிவிட்டுப் போடுகிற மனுஷர் அவர். வேறு யார் தண்ணீரை நம்புவது?

அந்தத் தண்ணீரும் விளக்கில் லேசாக இளஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது. பாசி என்று நினைத்தாள். கழித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எந்தக் குளத்தை எடுத்தாலும் ஏறக்குறைய பூஜ்யமாகவே வந்தது. பேராசிரியருக்கு மகிழ்ச்சி, கட்டுரையும் அச்சாகிவிட்டது. ஒரேயொரு குளம் மட்டும் கோணல் பண்ணியது. பூன் மாமாவின் குளம். அது பூஜ்யத்துக்கும் கீழே போனது. வருஷப் பிறப்புக்கு வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

"பூன் மாமா தண்ணி இல்லாததுக்கும் இல்லாததுப்பா. சுத்தத்துக்கும் மேல சுத்தம்!"

ஃபுக்சோய்க்குச் சுருக்கென்றது. "அந்தக் கஞ்சப் பயலா? தீவனத்தையே எண்ணிப் போடுவான். அவன் குளத்துல பாதி மீன் செத்து மிதக்குது. அவன் என்னவிடச் சுத்தமா?"

"இல்லப்பா, மெஷின் கொஞ்சம் அப்படி இப்படி ஆடும். அத விடுங்க."

அவர் விட்டுவிட்டார், அவளும் விட்டுவிட்டாள். தண்ணீரில் இல்லாத மருந்துக்கும் கீழே ஒரு அளவு எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அத்தனை படித்த பெண்ணுக்கு அது தோன்றவில்லை. வேண்டிய பதில் கையில் வந்தபிறகு யாருக்குத்தான் தோன்றுகிறது?

ஆஸ்பத்திரியில் அன்றைய பொழுது மருந்து ஏறுவதைப் பார்த்தே கழிந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் காலை நர்ஸ் பேனாவால் கையில் கோடு போட்டாள். வீக்கம் எதுவரை என்று பார்க்க. கொஞ்ச நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. முழங்கைக்கு மேலே இன்னொரு கோடு போட்டாள். ஃபுக்சோய் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி கிடந்தார். மெய்லின் அரிசிக் கஞ்சியில் ஊறுகாய் முள்ளங்கியை நறுக்கிப் போட்டு ஊட்டப் பார்த்தாள். ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை.

"கூடுதே டாக்டர்" என்றாள் விங்ஷான்.

"கூடுது. மருந்து பிடிக்கச் சில பேருக்கு நேரமெடுக்கும். சதையத் திறந்து சுத்தம் பண்ண ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்றேன். மருந்து சரியான மருந்துதான்னு வெச்சுக்கிட்டா…" டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "அது சரிதானம்மா?"

"சரிதான் டாக்டர்."

ஃபுக்சோய் கட்டிலிலிருந்து முனகினார். "ஷான்… மீன்… நேத்துலேர்ந்து யாரும் தீவனம் போட்டிருக்க மாட்டாங்க. ஏரியேட்டர் நின்னுபோச்சுன்னா மொத்தமும் செத்துடும். நீ போ."

"அப்பா, இப்போ மீனா முக்கியம்?"

"மீன்தான்டி உன்னப் படிக்க வெச்சுது. போ."

மெய்லினும் போகச் சொன்னாள். ஆபரேஷனுக்கு இன்னும் நேரம் இருந்தது. விங்ஷான் பஸ் பிடித்துக் குளத்துக்குப் போனாள்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் காற்றை அடிக்கும் ஏரியேட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கரையில் கந்தல் தொப்பியோடு பூன் நின்று தீவனத்தை வீசிக்கொண்டிருந்தார். கஞ்சன் என்று ஊரே சொல்கிற மனுஷன், நேற்றிலிருந்து தன் குளத்தை விட்டுவிட்டு இங்கே நிற்கிறார்.

"வாம்மா பட்டணத்து ராணி. உங்கப்பன் கை எப்படியிருக்கு?"

"நல்லாயில்ல மாமா. ஏறிக்கிட்டே போகுது."

பூன் எச்சிலைத் துப்பினார். "நாசமாப் போற முள்ளு. சரி, தீவனம் போட்டாச்சு. பொடி மட்டும் போடல. அது எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாது, எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. உங்கப்பாவும் அம்மாவும்தான் அண்டா அண்டாவாக் கரைச்சு ஊத்துவாங்க."

"என்ன பொடி?"

"என்ன பொடியா? நீ இந்த வீட்டுப் பொண்ணுதானே? லியுங் கடைப் பொடி. ஊரே அதத்தான் போடுது. நான்தான் காசு குடுத்துச் சேத்துல கொட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் என் மீன் சாகுது, என்னப் பாத்து எல்லாரும் சிரிக்கிறானுங்க."

தீவனக் கொட்டகையில், மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தன அந்தப் பைகள். மேலே துள்ளும் மீன் படம். 'தெளிநீர்ப் பொடி. குளத்து நீரைக் குளிர வைக்கும்.' அதற்குக் கீழே பெரிய எழுத்தில், யாரும் தவறவிடக்கூடாது என்பதுபோல, 'இது மருந்து அல்ல.'

மருந்து அல்ல! அப்பா பொய் சொல்லவில்லை. மருந்தா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார், அட்டையிலேயே அப்படித்தானே போட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் 'லியுங் கடையில ஒரு' என்று அவர் ஆரம்பித்தது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. நேற்று விழாதது இன்று விழுந்தது.

அவளுடைய தோள்பைக்குள் வெள்ளைப் பொடிச் சீசாவும் ஊதா விளக்கும் எப்போதும் இருக்கும். வெளிச்சம் படக்கூடாதே என்று தீவனம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் ஓட்டை போட்டு, அதன்மேல் சாக்கைப் போர்த்தித் தலையை உள்ளே விட்டாள். பூன் வாசலில் நின்று பார்த்தார்.

"என்னடி பண்ற? கோழி முட்டைக்கு அடை காக்குறியா?"

அவள் கடையில் வாங்கிய குடிதண்ணீரில் தன் பொடியைப் போட்டாள். நீலம், நல்ல பளிச்சென்ற நீலம். அதில் லியுங்கின் பொடியை நகக்கண் அளவு கிள்ளிப் போட்டாள். சிவந்தது. லேசாக அல்ல, சுடர்விட்டுச் சிவந்தது. அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் சுத்தமான மருந்தைக் கொட்டிப் பார்க்கும்போது வருகிற அதே சிவப்பு.

அடுத்து அப்பாவின் குளத்துத் தண்ணீர். அதே பழைய இளஞ்சிவப்பு. பாசியாகவும் இருக்கலாமே! இருக்கட்டும், கடவுளே, பாசியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே சாக்கிலிருந்து தலையை எடுத்தாள்.

"மாமா, உங்க குளத்துத் தண்ணி கொஞ்சம் வேணும். ஓடுங்க மாமா, சீக்கிரம்."

பூன் என்ன ஏது என்று கேட்காமல் போய் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். அப்பாவின் தண்ணீரைவிட இரண்டு மடங்கு பச்சையாக இருந்தது. குளத்தைச் சுத்தம் பண்ணுகிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. பாசிதான் காரணமென்றால் இது இன்னும் சிவக்க வேண்டும். தன் பொடியைப் போட்டு விளக்கைக் காட்டினாள். நீலம். ஓரத்தில் எங்கோ ஒரு மங்கல், அவ்வளவுதான்.

பாத்திரத்தில் முன்பே எண்ணெய் இருந்திருக்கிறது. அதோடு சேர்த்தே அவள் தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருக்கிறாள். அப்புறம் ஊர்க்குளம் எதை வைத்தாலும் முள் அசையுமா? எல்லாருடைய தண்ணீரிலும் அதே பொடி. போடாத ஒருவர் தண்ணீர் மட்டும் முள்ளைக் கீழே இழுத்திருக்கிறது. அதைக் கேலி செய்து சிரித்திருக்கிறாள்.

"என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"மாமா, நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றாள். செல்போனில் ஆஸ்பத்திரி எண்ணை இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள். பூன்தான் பிடுங்கி அழுத்திக் கொடுத்தார்.

டாக்டர் யிப் லைனில் வந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், நான் சொன்னது தப்பு. எங்க குளத்துல டெட்ராசைக்ளின் இருக்கு. நிறைய இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. அந்த மருந்து வேலை செய்யாது."

"நேத்து பூஜ்யம்னு சொன்னீங்களே."

"நான் பூஜ்யத்தத் தப்பா வெச்சுட்டேன் டாக்டர்."

"சரி. மாத்துறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூன் தன் மீன் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் லியுங்கின் ஏழு தலைமுறையையும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு வந்தார். விங்ஷான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் காலால் தரையை உதைத்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபுக்சோயை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள். சதையைச் சுத்தம் செய்வது என்ற பேச்சு போய், கையை எடுப்பது என்ற பேச்சு வந்திருந்தது. தோள்வரை கறுத்துவிட்டது. புது மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் பாதி திறந்திருந்தது, பார்வை எங்கெங்கோ அலைந்தது.

"ஷானா? தீவனம் போட்டியா?"

"போட்டாச்சுப்பா. பூன் மாமா போட்டுட்டாரு."

"அவனா? எண்ணிப் போட்டிருப்பான்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தண்ணி எப்படியிருக்கு?"

அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்பா, நீங்க சொல்ல வந்தீங்க, நான் சொல்ல விடல, என்று சொல்லத்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கையைப் பறிகொடுக்கப் போகிற மனுஷனிடம் எதைச் சொல்வது?

"நல்லாயிருக்குப்பா" என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையசைத்தார். தள்ளுகட்டில் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

கையை எடுத்தார்கள். தோளோடு எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஐ.சி.யூ.வில் வாயில் குழாயோடு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கிடந்தார். அதன்பிறகு கண் விழிக்கவேயில்லை. இதயம் நின்றபோது மெய்லின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். கத்தவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு அதற்கப்புறம்தான் வந்தது. டாக்டர் யிப் வராந்தாவில் விங்ஷானைக் கூப்பிட்டுச் சொன்னார். முதலில் ஏற்றிய டெட்ராசைக்ளின் சாதி மருந்துக்கு அந்தக் கிருமி அசைந்தே கொடுக்கவில்லை. இரண்டாவதாக ஏற்றியதற்கு அடங்கியிருக்கிறது.

"முதல்லயே மாத்தியிருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை போயிருக்கலாம், போகாமயும் இருந்திருக்கலாம். உயிர்… தெரியலம்மா. பிழைச்சிருப்பார்னும் சொல்ல மாட்டேன், மாட்டார்னும் சொல்ல மாட்டேன். நானும் உங்க வார்த்தைய அப்படியே வாங்கியிருக்கக்கூடாது. படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு எனக்கும் தோணிடுச்சு."

அந்தத் 'தெரியல'வை அவள் இனி ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். கொன்றாய் என்று சொல்லியிருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். ஊர்க் குளத்துக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெண்கள் உட்கார்ந்து, இறந்தவருக்குப் போய்ச் சேரும்படி எரிப்பதற்காகப் பொன் காகிதங்களைத் தங்கக் கட்டி மாதிரி மடித்துக்கொண்டிருந்தார்கள். மெய்லின் துக்கத்துக்கான வெள்ளைச் சணல் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்து அவளும் மடித்தாள். ஆண்கள் ஒரு பக்கம் கூடிக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பொடியின் சங்கதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பூன் சும்மா இருப்பாரா?

"மருந்து இல்லேன்னு எழுதி மருந்த வித்திருக்கான் பாவி! ஃபுக் அண்ணனக் கொன்னது லியுங்தான்! நாளைக்கு மீன் வளத்துறை அதிகாரிங்க வர்றாங்க. ஷான், நீதான் பேசணும். நீதான் படிச்சவ, உன் விளக்கு கையில இருக்கு. அவன் பொடிதான் உங்கப்பனக் கொன்னுதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும், அவன் கடைய மூடி ஆளையும் உள்ள தள்ளிடுவாங்க."

"ஆமா, சொல்லு!" என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சொல்வது எத்தனை சுலபம்! பொய்யும் இல்லை. பொடியில் மருந்து இருந்தது உண்மை, விற்றவன் லியுங் என்பதும் உண்மை. அவள் அந்த உண்மையோடு நிறுத்திக்கொண்டால் ஊரே அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடும். அவளுக்கே அது நாள் போக்கில் முழு உண்மையாகிவிடும். விங்ஷான் எழுந்து நின்றாள்.

"பொடியப் பத்திச் சொல்றேன் மாமா. நிச்சயமா சொல்றேன். ஆனா அதோட நிறுத்த மாட்டேன். ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்போ அப்பா பொடியப் பத்திச் சொல்ல வாயெடுத்தாரு. நான்தான் சும்மா இருங்கன்னு அடக்கினேன். தண்ணி சுத்தம், நானே பாத்தேன்னு சொன்னேன். அத நம்பித்தான் அவங்க தப்பு மருந்த ஏத்தினாங்க. நம்ம குளத்துத் தண்ணியவே நான் பூஜ்யமா வெச்சிருந்தேன். உங்க குளங்களையும் சுத்தம்னு அச்சுல போட்டது நான்தான். அதுவும் பொய்."

பூன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். யாரோ ஒருவர் இருமினார். ஆண்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

விங்ஷான் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

மெய்லின் காகிதத்தை மடித்தபடியே பேசினாள். "எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே நின்னேன்."

"அம்மா…"

"பொடியக் கரைச்சு ஊத்துறது யாரு? நான்தான். தினம் இந்தக் கையாலதான் கரைச்சேன். அவர் இழுத்து இழுத்துப் பேசுறாரேன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ பூஜ்யம்னு சொல்லிட்ட. எம்பொண்ணு படிச்சவ, அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு மூடிக்கிட்டேன். அப்புறம் அவர் கை கறுக்கக் கறுக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பவும் சொல்லல."

விங்ஷான் அவள் எதிரே மண்டியிட்டாள். அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். மெய்லின் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. விரல் ஓரமெல்லாம் பொடி அரித்து வெடித்திருந்தது.

"உன்மேல தப்பில்லைன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காத" என்றாள். "என்னால முடியாது. எம்மேல தப்பில்லைன்னு நீயும் சொல்லாத."

விங்ஷான் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு காகிதத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.